மாதிரி விமானமும் பதிவுச் சட்டமும்

மனிதனைச் சுமந்து பறந்த விமானங்களுக்கு நெடுநாள் முன்னரே, மனிதனைச் சுமவாத சிறு விமானங்கள் வானிற் பறந்தன. 1871ஆம் ஆண்டில் அல்போன்சு பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், பாரிசு நகரத்துப் பூங்கா ஒன்றில், முறுக்கிய இரப்பர் நாடாவின் விசையால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடியில் 40 மீட்டர் தொலைவு சென்று தரையிறங்கியது. அவர் வகுத்த முறையில் இயங்கிய பறக்கும் பொம்மை ஒன்றை, 1878ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயகுரு ஒருவர் தம் புதல்வர் இருவருக்கு வாங்கிவந்து கொடுத்தார். பொம்மை உடைந்துபோன பின்னர், சிறுவர்கள் அதனைப் போலவே வேறு பொம்மைகளைத் தாமே செய்து பார்த்தனர். அச்சிறுவர்களே பின்னாளில் உலகம் போற்றிய வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார்கள். மாதிரி விமானம் வெறும் விளையாட்டுப் பொருள் என்று இகழத்தக்கதன்று என்பது இதனால் விளங்கும்.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் இக்கலை பெரிதும் வளர்ந்தது. எடை குறைந்த பால்சா மரத்தை மெல்லிய கீற்றுகளாக அறுத்து, அவற்றை ஒட்டிச் சிறகின் எலும்புக்கூட்டை அமைப்பர். அதன்மேல் மெல்லிய தாளைப் போர்த்து, அது விறைத்து நிற்குமாறு ஒருவகைப் பூச்சுப் பூசுவர். ஒரு விமானம் உருப்பெறப் பல வாரங்கள் ஆகும். அது தரையில் மோதிச் சிதற ஒரு நொடி போதும். 1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் வானொலி அலையால் தரையிலிருந்தே விமானத்தைச் செலுத்தும் முறையும் கைவந்தது. 1936ஆம் ஆண்டில் இவ்வார்வலர்கள் ஒன்றுகூடி மாதிரி விமானக் கழகம் ஒன்றை நிறுவினர். அக்கழகத்தைச் சார்ந்த சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தன. பறத்தற்கெனத் தனித் திடல்கள் ஏற்பட்டன. பார்வையாளர் எங்கே நிற்பது, புதியவர் யாரிடம் பயில்வது என்பனவற்றையெல்லாம் சங்கங்களே வகுத்துக்கொண்டன. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் முகவரியையுமோ, கழகம் தமக்கு அளித்த எண்ணையோ விமானத்தில் எழுதிவைத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. இதனை நினைவிற் கொள்க.

அந்நாட்டு அரசினர் இவ்விளையாட்டில் நெடுங்காலம் தலையிடவில்லை. வானூர்திகளை மேற்பார்க்கும் கூட்டரசு வானூர்தி நிருவாகம், 1981ஆம் ஆண்டில் ஓர் அறிவுரை மட்டும் வெளியிட்டது. 400 அடிக்குமேல் பறக்கவிடவேண்டா. விமான நிலையத்திற்கு 3 மைலுக்குள் பறக்கவிட்டால் நிலையத்தார்க்குத் தெரிவியுங்கள் என்பன போன்ற சில சொற்களே அதில் இருந்தன. அஃது அறிவுரையேயன்றிக் கட்டளையன்று.

பின்னர் ட்ரோன் வந்தது. நான்கு சிறு சுழலிகளால் எழும்பும் இக்கருவி, செயற்கைக்கோள்களின் துணையால் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிந்து, காற்று வீசினும் அசையாது அந்தரத்தில் நிற்கவல்லது. இதனைச் செலுத்தப் பல மாதப் பயிற்சி வேண்டுவதில்லை. காலையில் கடையில் வாங்கியவர் மாலையில் பறக்கவிடலாம். அவர் எச்சங்கத்தையும் சேர்ந்தவர் அல்லர். திடல் எங்கே இருக்கிறது என்றும் அறியார். 2015ஆம் ஆண்டு சனவரியில் இத்தகைய ட்ரோன் ஒன்று, குடியரசுத் தலைவர் வாழும் வெள்ளை மாளிகையின் புல்வெளியில் விழுந்தது. அவ்வாண்டு சூலையில் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலையருகே காட்டுத்தீ மூண்டபோது, தீயை அணைக்க நீர் சுமந்துவந்த விமானங்கள், குறுக்கே பறந்த ட்ரோன்களால் சிறிது நேரம் ஒதுங்கிநிற்க நேர்ந்தது. தீயோ சாலையில் நின்ற வண்டிகளைப் பற்றியது. மக்கள் வெகுண்டது இயல்பே.

அரசினர் விரைந்து செயற்பட்டனர். 250 கிராமுக்கு மேற்பட்டு 55 பவுண்டுக்குக் குறைந்த எடையுள்ள ஆளில்லா வானூர்திகளைப் பறக்கவிடும் ஒவ்வொருவரும் பெயரைப் பதிவு செய்து, 5 டாலர் செலுத்தி, எண் ஒன்றைப் பெற்று, அதனை வானூர்தியில் பொறித்தல் வேண்டும் என்று 2015 திசம்பரில் கட்டளை பிறந்தது. 13 வயது நிரம்பாத சிறுவர்க்காகப் பெரியவர் ஒருவர் பதிவு செய்யவேண்டும். மீறியவர்க்குக் கடுந்தண்டம் உண்டு. முதல் 30 நாளில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் பதிந்துகொண்டனர்.

250 கிராம் என்னும் அளவு எங்ஙனம் வந்தது? அரசினர் அமைத்த குழு ஒன்று அதனைக் கணக்கிட்டுக் கூறியது. அவ்வெடையுள்ள பொருள் உயரத்திலிருந்து விழுங்கால், காற்றின் தடையால் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் என்னும் அளவில் நிலைபெறும் எனக் கொண்டனர். அப்பொழுது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 80 சூல் ஆகும். எடையில் பாதியை வேகத்தின் வருக்கத்தால் பெருக்கிப் பார்த்தால் நீங்களே இதனைக் காணலாம். ஒரு கிலோகிராம் கல் 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு தாக்குமோ அவ்வளவு தாக்கும். அத்தகைய அடி தலையிற் பட்டால் உயிருக்கு ஊறு நேரும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் அந்த அளவைக் குழுவினர் எல்லையாகக் கொண்டனர்.

மாதிரி விமான ஆர்வலர்கள் இதனை எதிர்த்தனர். "தாளும் மரமும் கொண்டு செய்த எங்கள் விமானம், விசை நின்றாலும் சறுக்கிச் சறுக்கி மெல்ல இறங்கும், ட்ரோனோ விசை நின்றால் கல்லைப்போல் விழும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையோ?" என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. "எங்கள் விமானங்களில் கழகத்தின் எண் முன்னரே இருக்கிறது, இரண்டாவது எண் எதற்கு?" என்பது மற்றொன்று. பிள்ளைகளின் பெயரும் வீட்டு முகவரியும் அரசின் ஏட்டில் ஏறுவதைப் பெற்றோர் சிலர் விரும்பவில்லை. 5 டாலர் என்பது அந்நாட்டில் பெருந்தொகையன்று. பணத்தினும் மனத்தாங்கலே பெரிதாயிருந்தது. பல்லாண்டு ஒழுங்காக நடந்தவர்கள், யாரோ செய்த பிழைக்காகத் தங்களையும் ஐயுறுவதாக எண்ணி வருந்தினர். மேலும், அமெரிக்காவில் புது விதி ஒன்றைச் செய்யுமுன் அதன் வரைவை அரசிதழில் வெளியிட்டு, குடிமக்கள் எழுதும் கருத்துகளை ஆராய்தல் வழக்கம். பதிவுக் கட்டளையோ, நிலைமை அவசரமானது என்று கூறி, அவ்வாறு முன்கூட்டிக் கேளாமலே நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் கையில் வலிய கருவி ஒன்றும் இருந்தது. பொழுதுபோக்கிற்காக மட்டும் பறக்கவிடும் மாதிரி விமானத்தைப் பற்றி நிருவாகம் புதிய விதி எதுவும் செய்தல் கூடாது என்று, காங்கிரசு என வழங்கும் அமெரிக்கப் பாராளுமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆர்வலர் ஒருவர் அச்சட்டத்தைக் கையிற்கொண்டு வாசிங்டனிலுள்ள மேல்முறையீட்டு மன்றத்திற் புகுந்தார். "வானூர்திகள் யாவும் பதிவு செய்யப்படல் வேண்டும் என்பது பழைய சட்டம்; யாம் அதனையே நிறைவேற்றுகின்றோம்" என்று நிருவாகத்தார் வாதித்தனர். நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. பதிவுக் கட்டளை புதிய விதியே; அது மாதிரி விமானத்தைப் பற்றியதே; ஆகவே மாதிரி விமானங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று 2017 மே மாதத்தில் தீர்ப்பளித்தனர். சட்டத்தை மாற்ற வேண்டுமாயின் அது பாராளுமன்றத்தின் பணி என்றும் சுட்டினர். விரும்பியவர்க்கு 5 டாலர் திருப்பித் தரப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க்கு நகரை அடுத்த கடற்பகுதியில், இராணுவ ஹெலிகாப்டர் ஒன்றோடு ட்ரோன் ஒன்று மோதியது. ட்ரோனைச் செலுத்தியவர் ஏறத்தாழ 2.5 மைல் தொலைவில் நின்றார். தம் கருவியும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஹெலிகாப்டரும் தெரியவில்லை. ஹெலிகாப்டர் பழுதுற்றும் நலமாக இறங்கியது. அதனுள் சிக்கியிருந்த மோட்டாரின் எண்ணைக் கொண்டு, செய்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கின் வழியே ஆய்வாளர்கள் உரியவரைக் கண்டுபிடித்தனர். பதிவுக் கட்டளை நீங்கியிருந்த காலம் அது. "பதிவு இருந்திருத்தல் வேண்டும்" என்பார்க்கும், "பதிவின்றியே கண்டுபிடித்தார்கள் அல்லரோ" என்பார்க்கும் இந்நிகழ்ச்சி ஒருங்கே சான்றாகும். ஆயினும், கண்ணுக்கெட்டாத் தொலைவிற் பறக்கவிடுவதை எச்சங்கமும் தன் திடலில் பொறுத்திராது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2017 திசம்பரில் பாராளுமன்றம் பதிவை மீண்டும் உயிர்ப்பித்தது. 2018ஆம் ஆண்டில், 2012இன் பாதுகாப்புச் சட்டத்தையே நீக்கிவிட்டு, பொழுதுபோக்காளர் அனைவரும் சிறு தேர்வு ஒன்று எழுதல் வேண்டும் என்றும் விதித்தது.

அடுத்த பூசல் 2019ஆம் ஆண்டின் இறுதி நாளில் எழுந்தது. பறக்கும் ஒவ்வோர் ஆளில்லா வானூர்தியும் தன் அடையாளத்தையும் இருக்குமிடத்தையும் அலைவழியே அறிவித்துக்கொண்டே செல்லல் வேண்டும் என்னும் வரைவை நிருவாகம் வெளியிட்டது. அச்செய்தி இணையத்தின் வழியாகவும் செல்லவேண்டும் என்பதும் வரைவில் இருந்தது. கருவி பொருத்தாத பழைய விமானங்களைக் குறிப்பிட்ட திடல்களில் மட்டும் பறக்கவிடலாம். அத்திடல்களுக்கு 12 மாதத்திற்குள் விண்ணப்பித்தல் வேண்டும். பின்னர்ப் புதிய திடல் ஏற்கப்படாது. இதனைக் கண்ட ஆர்வலர்கள் திகைத்தனர். ஒரு திடலின் நிலத்தை உரியவர் விற்றுவிட்டால், அதற்கு ஈடாக வேறு திடல் கிடைக்காதன்றோ? திடல்கள் ஒவ்வொன்றாய் மறைய, கலையும் உடன் மறையும் என அஞ்சினர்.

ஆனால் இம்முறை கருத்துக் கேட்கப்பட்டது. 53,000க்கு மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2021 சனவரியில் வெளிவந்த இறுதி விதியில் இணையக் கட்டாயம் இல்லை. 12 மாதக் கெடுவும் இல்லை. திடல்களுக்குச் சங்கங்களேயன்றிக் கல்விநிலையங்களும் விண்ணப்பிக்கலாம் என்றும் கூறப்பட்டது. எல்லாரும் நிறைவடைந்தனர் என்பதற்கில்லை. தன் சொந்த வயலில் தனியே பறக்கவிடும் உழவர் ஒருவர், தனி மனிதர் என்ற முறையில் அவ்வயலைத் திடலாக ஏற்குமாறு விண்ணப்பிக்க இயலாது. இவ்விதி தனிவாழ்வின் மறைவைக் குலைக்கும் என்று தொடுக்கப்பட்ட வழக்கும் 2022ஆம் ஆண்டில் தள்ளப்பட்டது.

பதிவு எண்ணை எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பழைய போர் விமானங்களை அவற்றின் வண்ணமும் தையலும் மாறாமல் சிறிய உருவிற் செய்வோர் உளர். அவர்கள் அவ்வெண்ணை மின்கலம் வைக்கும் அறைக்குள் எழுதி மறைத்துவந்தனர். தொடக்கத்தில் விதியும் அதற்கு இடந்தந்தது. அறைக்குள் வெடிபொருள் வைக்கப்பட்டிருப்பின், எண்ணைப் பார்க்கத் திறக்கும் காவலர்க்குத் தீங்கு நேரும் என்று கருதி, 2019 பிப்ரவரி முதல் எண் வெளிப்புறத்திலேயே தெரிதல் வேண்டும் என ஆணையிட்டனர். அதன் பின்னர், நூறாண்டுக்கு முந்திய விமானத்தின் நேர்வடிவைச் செய்து முடித்தவரும், உண்மை விமானத்தில் இல்லாத ஓர் எண்ணை அதன் மேனியில் எழுதிய பின்னரே பறக்கவிடுகின்றார்.