மாத்திரைக்குப் போட்டியாகப் பருப்பு!

காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை. எட்டு மணிக்கெல்லாம் அப்பா தானே எழுந்து வாசலுக்குப் போய் பேப்பரை எடுத்து வந்துவிடுகிறார். மதியம் ஒரு மணிக்கு அதே மாத்திரைதான். ஆனால் இரண்டு மணி ஆகியும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. கை நடுங்குகிறது, கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. "மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்று மருந்துக் கடைக்காரர் மேல் உங்களுக்குச் சந்தேகம். "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா.

கொஞ்சம் இருங்கள். மதியம் அப்பா என்ன சாப்பிட்டார்? கெட்டியான பருப்பு, ஒரு முட்டை, கிண்ணம் நிறையத் தயிர். அதோடு சேர்த்தே மாத்திரை. கோளாறு அங்கே இருக்கலாம்!

பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்துபோகிறது. 'அப்படியானால் டோபமினையே கொடுத்துவிடலாமே' என்று கேட்பீர்கள். கொடுத்தால் மூளைக்குள் போகாது. ரத்தத்தில் வருவதையெல்லாம் உள்ளே விடாத ஒரு தடுப்பு அங்கே உண்டு. அதனால்தான் லெவோடோபா கொடுக்கிறார்கள். இது பார்ப்பதற்கு அமினோ அமிலம் மாதிரியே இருக்கும். அமினோ அமிலங்களுக்கென்று உள்ள வாசல் வழியாக உள்ளே நுழைந்து, பிறகு டோபமினாக மாறிக்கொள்ளும்.

அந்த வாசலில்தான் நெரிசல். நாம் சாப்பிடும் புரோட்டீன் செரித்ததும் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றில் லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபினைல்அலனின், டைரோசின் போன்றவைக்கும் இதே வாசல்தான். இந்த வாசலுக்கு எல்.ஏ.டி.1 என்று பெயர். ஜப்பானிய விஞ்ஞானிகள் 1998-இல் இதை அடையாளம் காட்டினார்கள். டவுன் பஸ் மாதிரி, ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம். உள்ளேயிருந்து ஒரு அமினோ அமிலம் வெளியே வந்தால்தான் வெளியேயிருந்து ஒன்று உள்ளே போகும். கூட்டம் அதிகமானால் லெவோடோபா வெளியே காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்க டாக்டர் ஜான் நட்டும் அவருடைய சகாக்களும் 1984-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு லெவோடோபாவை நேரடியாக ரத்தத்திலேயே ஏற்றினார்கள். வயிறு, குடல் பிரச்சினையே இல்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்குப் புரோட்டீன் மிகுந்த சாப்பாடு கொடுத்ததும் மருந்தின் பலன் போய்விட்டது! ரத்தத்தில் மருந்தின் அளவோ குறையவே இல்லை. லியூசினோ ஃபினைல்அலனினோ மட்டும் கொடுத்தாலும் அதே கதை. கிளைசின், லைசின் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அவை போகும் வாசல் வேறு.

செல்கள் சும்மா வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அமினோ அமிலம் பற்றாக்குறை என்றால் சில வகை வாசல்களைப் புதிதாகக் கூட்டிக்கொள்ளும். சாதம், இட்லி போன்ற மாவுச்சத்து சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கிறது அல்லவா? அப்போது தசை செல்கள் ரத்தத்திலுள்ள லியூசின் வகையறாக்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மூளை வாசலில் கூட்டம் கொஞ்சம் குறைகிறது. இட்லியோடு ஒத்துப்போகிற மாத்திரை, முட்டையோடு மல்லுக்கட்டுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

'அப்படியானால் பருப்பையே நிறுத்திவிடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். அது தப்பு! பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு எடை குறைகிறது. புரோட்டீனும் போனால் உடம்பு இன்னும் இளைக்கும். தேவை அளவைக் குறைப்பதல்ல, நேரத்தைப் பிரிப்பது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு சாதா பிஸ்கட். சிலருக்கு டாக்டர்கள் பகலில் புரோட்டீனைக் குறைத்து, பருப்பு, பால், முட்டையை ராத்திரிக்கு மாற்றச் சொல்வார்கள். எல்லோருக்கும் இது தேவைப்படாது. பல வருஷமாக மருந்து சாப்பிட்டு, பலன் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவரா? அதையும் லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

லெவோடோபாவுக்கு நம் ஊர்ச் சொந்தமும் உண்டு. பூனைக்காலி விதையில் அது இருப்பதை 1937-இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காகப் பூனைக்காலிப் பொடி வாங்கி மாத்திரையோடு கலந்து கொடுத்துவிடாதீர்கள். டாக்டருக்குத் தெரியாமல் மருந்தின் அளவு ஏறிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதோ அதைவிட ஆபத்து. காய்ச்சல் ஏறி, உடம்பு விறைத்து, உயிருக்கே உலை வைத்துவிடும்.

இன்று ஒரு நோட்டை எடுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், எப்போது நன்றாக நடந்தார், எப்போது உட்கார்ந்துவிட்டார்... ஒரு வாரம் எழுதுங்கள். அடுத்த முறை நரம்பியல் டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் கையோடு போகட்டும்.