நாவோரத்து எழுத்து

ரமளான், ஃபர்ளு, உளூ, களா, காழி. தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் புழங்கும் இந்தச் சொற்கள் அனைத்திலும் ஒரே அரபு எழுத்து ஒளிந்திருக்கிறது. அரபு நெடுங்கணக்கில் பதினைந்தாவதான அதை நம் மதரஸாக்கள் ‘ளாத்’ என்கின்றன. உருது வழி வந்தவர்கள் அதை ‘ஜ’ ஆக்கி ரம்ஜான், காஜி என்பார்கள். அரசு விடுமுறைப் பட்டியலில் இருப்பதும் அந்த வடிவம்தான். இப்போது கைபேசியில் எகிப்து, சவுதி காரிகளின் கிராஅத்தைக் கேட்டுப் பழகிய இளைஞர்கள் கனத்த ‘த’ போல அதை ஒலிக்கிறார்கள். ‘ள’ என்று ஓதும் பெரியவர்களைத் திருத்தவும் செய்கிறார்கள்: அது தமிழ் நாக்கின் பிழையாம், அரபு தெரியாதவர்கள் போட்டுக்கொண்ட குறுக்குவழியாம். இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் உண்மை.

மற்ற எழுத்துகளில் இந்தச் சிக்கல் இல்லை. அரபியில் தனித்தனியாக நிற்கும் மூன்று எழுத்துகளை நாம் ஒரே ‘ஸ’வுக்குள் அடைத்துவிடுகிறோம்; தொண்டை நடுவில் பிறக்கும் ‘ஹா’வையும் அடித்தொண்டையில் பிறக்கும் ‘ஹா’வையும் ஒன்றாக்குகிறோம்; ‘ஐன்’ எழுத்தைப் பெரும்பாலும் விழுங்கியே விடுகிறோம். இவையெல்லாம் ஐயத்துக்கு இடமில்லாத பிழைகள். நூலும் காரியும் ஒரே குரலில் பேசுவதால், உஸ்தாதின் வாயைப் பார்த்துத் திருத்திக்கொள்வது ஒன்றே வழி. ளாத் விஷயத்தில் மட்டும் நூல் சொல்வதும் காதில் விழுவதும் எப்போதோ பிரிந்துவிட்டன.

8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இலக்கண மேதை ஸீபவைஹி, ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று வகுத்தார். ளாதின் பிறப்பிடமாக அவர் சொல்வது நாவின் பக்கவாட்டு ஓரமும் அதையடுத்த கடைவாய்ப் பற்களும். இன்றைய தஜ்வீது பாடநூல்களும் இதையே சொல்கின்றன. அவர் சொல்லும் இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. நாவின் பின்பகுதி மேலெழும் அந்தக் கனத்தை நீக்கினால் ‘ஸாத்’ வெறும் ‘ஸீன்’ ஆகிவிடும். ளாதோ மொழியிலிருந்தே மறைந்துபோகும், ஏனென்றால் அதன் இடத்தில் பிறக்கும் வேறு எழுத்து கிடையாது என்கிறார். இன்று ஒலிபெருக்கியில் கேட்கும் ளாதிலிருந்து கனத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘தால்’. ஆக, ஸீபவைஹி கேட்ட ஒலி இதுவல்ல. காற்று நாவின் ஓரமாக வழியும், லகரத்துக்கு உறவான ஏதோ ஒன்று அது.

‘த’, ‘ட’ இரண்டும் தமிழில் தாராளமாக இருக்கின்றன. நம் முன்னோர் காதில் விழுந்தது இன்றைய கனத்த தகரமாக இருந்திருந்தால் ரமதான் என்றோ ரமடான் என்றோ சொல்லியிருப்பார்கள். லகர இனத்தைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. லகரம் நமக்கு மட்டும் உரியதுமல்ல. ஃபர்ளு மலாய் மொழியில் ‘பெர்லு’ ஆனது, ‘ரிளா’ ‘ரெலா’ ஆனது. ஸ்பெயினில் ‘அல்காழி’ என்ற பதவிப்பெயர் ‘அல்கால்தே’ ஆகி, நகரத் தலைவரைக் குறிக்கும் சொல்லாக இன்றும் வழங்குகிறது. அதில் முளைத்திருக்கும் ‘ல்’ எங்கிருந்து வந்தது? தென்மேற்கு அரேபிய மலைகளின் சில வட்டார வழக்குகளில் நாவோர ளாதை மொழியியலாளர்கள் அண்மைக் காலத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். கோரமண்டலக் கரை, மலபார், மலாய்த் தீவுகள், ஏமன் ஆகியவற்றைப் பிணைத்தவை கடல் வாணிபமும் ஷாஃபியீ மத்ஹபும். ஒரு பிழை தனித்தனியாக இத்தனை கரைகளில் ஒரே மாதிரி ஒதுங்கியது என்பதைவிட, ஓர் ஒலி கப்பலேறிப் பயணப்பட்டது என்பதே நம்பத் தகுந்தது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குர்ஆன் ஏட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை, ஆசிரியரின் வாயிலிருந்து மாணவர் வாய்க்கு வருவது. இன்றைய காரிகளிடம் அறுபடாத ஸனது இருக்கிறது. இலக்கண நூலைக் காட்டி அவர்களைக் கேள்வி கேட்பது முறையா? முறையான கேள்விதான். அந்த ஸனதுகளில் பெரும்பாலானவை டமாஸ்கஸில் 1350இல் பிறந்து 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரியிடம் வந்து கூடுகின்றன. அவரே ‘அத்தம்ஹீத்’ நூலில், எகிப்தியரில் பெரும்பாலோர் இதை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்காமல் ‘தா’ கலந்து ஒலிக்கிறார்கள் என்று குறைபட்டிருக்கிறார்! 1961இல் முழுக் குர்ஆனையும் முதன்முதலாக ஒலிப்பதிவில் தந்த ஹுஸரி முதல் இன்றுவரை உலகெங்கும் பரவியது எகிப்திய மரபு. அது செல்லாது என்று சொல்ல எனக்குத் துணிவுமில்லை, தேவையுமில்லை. உயிரோடிருக்கும் ஆசிரிய மரபு அதை ஏற்றிருக்கிறது. ஆனால் அதைத் தராசாக வைத்துப் பிற வழக்குகளை எல்லாம் அறியாமை என்று எடைபோட முடியாது.

அதற்காக ‘ள’ சொல்வோரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். சோமாலியக் கரையிலுள்ள ஸைலா மக்களும் அவர்களைப் போன்றோரும் ளாதைக் கனத்த லகரமாக்குவதையும் அதே இப்னுல் ஜஸரி பிழைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். தமிழ் ளகரத்தில் அந்தக் கனம்கூடக் கிடையாது. நாநுனி மேலே வளைகிறது, காற்று தடையின்றி ஓடிவிடுகிறது. ளாதுக்கே உரிய நீட்சியும் அழுத்தமும் அதில் இல்லை. நாவோரம் என்ற அடையாளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

அப்படியானால் அல்ஃபாத்திஹாவின் கடைசி வசனத்தில் இருமுறை வரும் இந்த எழுத்தால் தொழுகை கெடுமா என்ற அச்சம் எழும். ஷாஃபியீ அறிஞர்களில் கண்டிப்பானவர்கள், திருத்திக்கொள்ள முடிந்தவர் திருத்தாமல் எழுத்தை மாற்றி ஓதுவதை ஏற்பதில்லை. 1373இல் மறைந்த இப்னு கஸீரோ, ளாதும் ‘ளா’வும் பிறப்பிடத்தில் நெருங்கியவை என்பதால் அவற்றைப் பிரிப்பதில் நேரும் குறை மன்னிக்கப்படும் என்று தம் தஃப்ஸீரில் எழுதியிருக்கிறார். அவர் பேசும் அந்த இரண்டாவது எழுத்தில்தான் நம் வழக்கின் உண்மையான குறை இருக்கிறது. அது நாநுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடப் பிறப்பது, நாவோரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாமோ அதையும் லகரமாக்கி, நண்பகல் தொழுகையை ‘லுஹர்’ என்கிறோம். மக்தபில் ஒரு பிள்ளையின் ‘ள’வைக் கேலி செய்வதைவிட, இந்த இரண்டு எழுத்துகளையும் அந்தப் பிள்ளையின் நாக்கில் இரண்டு இடங்களில் நிறுத்துவதற்கு உஸ்தாது நேரம் செலவிடலாம்.