எதிர்வாதத்துக்கு அஞ்சாத நம்பிக்கை

கொத்மலை மலைச்சரிவுகளிலிருந்து இறங்கிவரும் கொத்மலை ஓயா மகாவலி கங்கையோடு கலக்கின்றது. அச்சங்கமத்துக்கு மேலே நாவலப்பிட்டியும் கீழே கம்பளையும் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு நன்கு பழக்கமான இவ்விரு பட்டினங்களுக்கும் இலங்கையின் பேச்சுரிமை வரலாற்றில் தனி இடம் உண்டு. 1871ஆம் ஆண்டில் கம்பளையில் கிறிஸ்தவரும் பௌத்தரும் மக்கள் முன்னிலையில் சமய வாதம் நடத்தினர். 1937ஆம் ஆண்டில் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றில் பேசிய வெள்ளையர் ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்ற அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், தன் கொள்கையில் உண்மையான நம்பிக்கை உடையவர் யார் என்பது தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவப் பாதிரிமாரிடம் பள்ளிக்கூடங்களும் அச்சகங்களும் இருந்தன. பௌத்த பிக்குகளோ தொடக்கத்தில் அவர்களை எதிர்க்க முனையவில்லை. தங்க இடமும் கொடுத்து உபசரித்தவர்களும் உண்டு. பாளி மொழியைக் கற்றுத் தேர்ந்த வெஸ்லியன் பாதிரியார் டானியல் கோகர்லி, பௌத்தத்தை மறுத்துச் சிங்களத்தில் எழுதிய ‘கிறிஸ்தியானி பிரக்ஞப்தி’ 1849இல் வெளிவந்தது. பின்னர் நிலைமை மாறிற்று. கொழும்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1862 முதல் அச்சகத்தின் துணைகொண்டு மறுப்புகளை வெளியிடலானார். எழுத்தில் மூண்ட வாதம் மேடைக்கு வந்தது. 1865இல் பத்தேகமவிலும் வரகொடவிலும், அடுத்த ஆண்டில் உடன்விட்டவிலும், 1871இல் கம்பளையிலும் வாதங்கள் நடைபெற்றன. இவற்றின் உச்சமாக அமைந்தது 1873 ஆகஸ்டில் நடந்த பாணந்துறை வாதம்.

பாணந்துறையில் இரு சாராரும் முன்கூட்டியே உடன்பட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் மற்றவருக்கும் ஒரு மணி நேரம் உண்டு. இரண்டு நாட்கள், காலையும் மாலையும், ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்து கேட்டனர். கிறிஸ்தவர் தரப்பில் டேவிட் டி சில்வா பாதிரியார் முதலில் பேசினார். நிலையான ஆன்மா இல்லை என்று பௌத்தம் கூறுமானால், ஒருவர் செய்த வினையின் பயனை அனுபவிப்பவர் யார் என்பது அவருடைய தலையாய வினா. குணானந்தர் விடை கூறியதோடு நிற்கவில்லை, எதிர்வினாவும் தொடுத்தார். மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் மனம் வருந்தினார் என்று ஆதியாகமம் கூறுகிறதே, எல்லாம் அறிந்தவருக்கு அத்தகைய வருத்தம் எவ்வாறு நேரும் என்று கேட்டார். சிங்கள வேதாகமத்தின் மொழிபெயர்ப்பில் சில சொற்கள் மூலத்துக்கு மாறாக மென்மைப்படுத்தப்பட்டுள்ளன என்றும் குற்றஞ்சாட்டினார்.

பாதிரியார் பாளி மேற்கோள்களை அடுக்கிப் புலமையோடு பேசினார். தேரரோ பாமரருக்கும் விளங்கும் பேச்சுமொழியில் பேசினார். கூட்டத்தினரின் ஆரவாரம் தேரருக்கே கிடைத்தது. ஜோன் கப்பர் என்ற பத்திரிகாசிரியர் இவ்வாதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பீபிள்ஸ் என்ற அமெரிக்கர் 1878இல் அதனை நூலாக்கினார். அதன் வழியாக இலங்கைப் பௌத்தத்தின்மீது ஈடுபாடு கொண்ட கேர்ணல் ஒல்கொட் 1880இல் இங்கு வந்து சேர்ந்தார். பௌத்த மறுமலர்ச்சிக்கு அது பெருந்துணையாயிற்று.

இவ்வாறு நோக்குங்கால், மேடையைப் பங்கிட்டுக்கொண்டது பாதிரிமாருக்கு நட்டமே எனத் தோன்றலாம். ஆயினும் பாணந்துறையோடு இலங்கையில் கிறிஸ்தவம் அழிந்துவிடவில்லை. ஆலயங்கள் நின்றன, பள்ளிகள் பெருகின. கரவொலியில் தோற்ற சமயம் வாழ்வில் தோற்கவில்லை. தமிழகத்துத் தொழிலாளரோடு மலையேறி வந்த கிறிஸ்தவமும் தோட்டங்களில் நிலைபெற்றது. நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்குச் சாந்தத்தோடு விடை கூற ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது புதிய ஏற்பாட்டில் பேதுருவின் நிருபம் கூறும் அறிவுரை. கேள்வியையே தடுத்துவிட்டால் அவ்வறிவுரைக்குப் பொருளில்லை.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. வெஸ்லியன் பாதிரியார் பேர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரே, 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்ற மறுப்பு நூலை வெளியிட்டார். இந்த வாதத்தால் சைவமும் வளர்ந்தது, கிறிஸ்தவமும் நிலைத்தது. இரண்டுக்கும் இடையே தமிழ் உரைநடை செழித்தது.

இனி நாவலப்பிட்டிக்கு வருவோம். தோட்டத் தொழில் பயில 1936இல் இலங்கைக்கு வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழிலாளர் படும் அல்லலைக் கண்டு மனம் மாறி, சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் தொழிலாளர் முன்னிலையில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அவர் கூற்றுப் பொய்யென்றால் மறுத்திருக்கலாம். மறுப்புக்குப் பதிலாக வந்தது, அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற தேசாதிபதி ஸ்டப்ஸின் ஆணை. உயர்நீதிமன்றம் மே 18ஆம் நாள் அவரை விடுதலை செய்தது. அவசரகாலத்துக்கென வகுக்கப்பட்ட அதிகாரத்தை, பேச்சுரிமையைப் பயன்படுத்திய ஒருவரை நாடு கடத்தப் பயன்படுத்தல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கம்பளையிலும் பாணந்துறையிலும் வாதிட்டோர் எதிரிக்கும் செவிகொடுத்தனர். நாவலப்பிட்டிப் பேச்சைக் கேட்ட ஆட்சியோ பேசியவரையே அகற்ற முனைந்தது. எதிர்வாதம் செய்ய முடிந்தவர் வாயடைக்க முற்படுவதில்லை.

பாணந்துறை வாதத்திலும் குறைகள் உண்டு. விளக்கத்தைவிட ஏளனம் மிகுந்த இடங்கள் பல. வென்றவர் யார் என்பதைக் கூச்சலைக்கொண்டு முடிவுசெய்வது அறிவுக்கு ஏற்றதன்று. தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் மொழியில் அவ்வாதம் நடைபெறவும் இல்லை. எனினும் ஒரு மணிக்கு ஒரு மணி என்று அவர்கள் வகுத்த விதி போற்றத்தக்கது. கோயிலும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே மலைச்சாரலில் விளங்கும் நாட்டில், தன் சமயம் உண்மையென நம்புபவர், அடுத்தவரின் வினாவைத் தடுக்க வேண்டியதில்லை. அதனை முழுமையாகக் கேட்டு விடை கூறுவதே அந்நம்பிக்கைக்கு அழகு.