ஐந்து மணிக்குத் தெப்பக்குளம்

பக்கத்துத் தெருத் தம்பி காலையில் வந்தார். டீ டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. 86 வயது.

"அக்கா, நேத்துச் சாயங்காலம் தெப்பக்குளம் போனேன். சுண்டல் வாங்கித் தின்னேன். ஒரு சின்னப் பய பலூனை விட்டுட்டு அது மேல போறதப் பாத்துத் திட்டுனான், எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே ஒரு மாதிரி ஆயிருச்சு. அம்மா செத்து நாப்பது நாள்கூட முடியல, நான் சுண்டல் தின்னுட்டு வர்றேன்."

இதற்குப் பதில் ஒரு டீயில் முடியாது. இரண்டாவதும் போட்டேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 86. கேதம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நிறைஞ்ச வயசு, பேரன் பேத்தி கண்டாச்சு, கல்யாணச் சாவுப்பா. நல்ல மனதோடு சொல்கிறார்கள், சொல்வதும் உண்மை. ஆனால் கேட்கிற பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: இதுக்குப் போய் ஏன் இவ்வளவு அழுகிறாய்? கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். சுற்றியிருப்பவர்கள் துக்கமென்று ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றியது. வயதான அம்மாவைப் பறிகொடுத்த ஐம்பது வயதுக்காரர்கள் பலரை அந்த வரிசையில்தான் நான் வைப்பேன். அழுதால் "இந்த வயசிலயா" என்கிறார்கள். சிரித்தால் "அதுக்குள்ளயா" என்கிறார்கள்.

இரண்டாவது விஷயம், போனது அம்மா மட்டுமில்லை. என் அம்மாவை நான் ஏழு வருஷம் பார்த்துக்கொண்டேன். காலை ஆறரைக்குச் சர்க்கரை மாத்திரை, எட்டுக்கு இட்லியை மசித்துக் கொடுக்க வேண்டும், பதினொன்றுக்குக் கஞ்சி, நாலு மணிக்கு ஹார்லிக்ஸ், ராத்திரி இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவர் போன பிறகும் அந்த மணிக்கணக்கு என் உடம்பிலேயே இருந்தது. நாலு மணியானால் தானாக எழுந்து அடுப்படிக்குப் போய் நிற்பேன். பாலைச் சூடு பண்ணிவிட்டு யாருக்கு என்று தெரியாமல் நின்ற நாட்கள் உண்டு. வெளியே கிளம்புவதன் முதல் பலன் இங்கேதான். மனம் ஆறுவதெல்லாம் பிறகு. நாலு மணிக்கு இந்தக் காலுக்குப் போக ஓரிடம் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதைச் சொல்லத் தயங்கினேன். பிறகு கேட்டுவிட்டேன். "தம்பி, நேத்து அங்க உக்காந்திருந்தப்ப போன் அடிச்சா பதறுனீங்களா?" இல்லை என்றார். சற்று நேரம் கழித்து, "அப்பாடான்னு இருந்துச்சுக்கா" என்றார். குத்துவது சுண்டல் இல்லை, இந்த அப்பாடாதான். வருஷக்கணக்கில் எங்கே போனாலும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மணி அடித்தால் விழுந்துவிட்டாரோ, மூச்சுத் திணறுகிறதோ என்று பதறியவருக்கு அந்தப் பதற்றம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. உடம்பு இளைப்பாறத்தான் செய்யும். பாரம் இறங்கியதற்கும் ஆள் போனதற்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது, அதனால் இரண்டும் குழம்புகிறது. உங்கள் அம்மா சாக வேண்டுமென்று நீங்கள் நினைத்ததாக அதற்கு அர்த்தமில்லை.

"அப்ப நான் மறக்குறேனா?" என்றார்.

இங்கேதான் கொஞ்சம் படிப்பு உதவுகிறது. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது அது. அவர் பேசியது சாவை எதிர்நோக்கிக் கிடந்த நோயாளிகளிடம். அதை நாம் எடுத்து, உயிரோடு மிஞ்சியவர்களுக்கு மாட்டிவிட்டோம். எனக்குச் சரியென்று படுவது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது. துக்கப்படுகிறவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இழப்போடு உட்கார்ந்து அழுவது, போட்டோவைப் பார்ப்பது, சேலையை மடிப்பது. மற்றது, அவர் இல்லாத நாளை நடத்துவது, அதில் துக்கத்திலிருந்து சற்று விலகியிருப்பதும் சேர்த்தி. ஆரோக்கியமான துக்கம் இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வரும். சுண்டல் தின்றதும் துக்கத்தின் பாதிதான், வீட்டுக்கு வந்து அழுததும் பாதிதான்.

நம் ஊர் இதைப் படிக்காமலே செய்திருக்கிறது. ஒரு வருஷம் பண்டிகை இல்லை, மலைக்கோயில் ஏறக்கூடாது என்று ஒரு பக்கம் நிறுத்தி வைக்கிறார்கள். அதே ஆட்கள் சில ஊர்களில் கருமாதி முடிந்த கையோடு, மாமன் மச்சான் எல்லாம் சேர்ந்து, துக்கக்காரரைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறார்கள். என்ன படம் என்பது முக்கியமில்லை. சின்ன வயதில் இது எனக்கு விகாரமாகப் பட்டது. இப்போது அந்த மச்சான்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு குறை, அதில் அதிகம் போனது ஆண்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அடுத்த கேதத்துக்குக் காபி போட்டார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? கொஞ்ச தூரம். என் மகன் காசிக்குப் பேக்கேஜ் போடுகிறேன் என்றான். வேண்டாமென்றேன். பத்து நாள் கூட்டத்தோடு போனால் அழுகை வந்தால் எழுந்து வர முடியாது. தெப்பக்குளத்திலிருந்து எந்த நிமிஷமும் எழுந்து வரலாம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். மகாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் இது என்று மதுரையில் சொல்வார்கள். என் இளவயதில் தண்ணீரில்லாமல் கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் விடுகிறார்கள், நடுவில் மைய மண்டபம் மிதக்கிற மாதிரி தெரிகிறது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு அங்கே போக டவுன் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, அதனால் போகலாமா வேண்டாமா என்று பர்ஸைப் பார்க்கிற வேலையும் இல்லை.

முதல் முறை போனபோது குளத்தை நான் பார்க்கவே இல்லை. என் கண் கழிப்பறை எங்கே இருக்கிறது, படிக்குக் கைப்பிடி இருக்கிறதா, வீல்சேர் ஏறுமா என்று தேடிக்கொண்டிருந்தது. தேடி முடித்த பிறகுதான் உறைத்தது, கூட யாரும் இல்லையென்று. அங்கேயே அழுதேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு தண்ணீர் கண்ணில் பட்டது.

மனசு வந்தால் போகிறேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970-களில் மனச்சோர்வைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: முதலில் சின்னதாக ஏதாவது செய், மனநிலை பின்னால் வரும். நாள், நேரம் குறித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. கூட வருகிறவர் ஆறுதல் சொல்லாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்குப் பிடித்த இடத்துக்கு முதல் மாதமே போக வேண்டியதில்லை.

இதெல்லாம் மருந்துக்கு மாற்றில்லை. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் நின்றுபோயிருந்தால் அதை நீடித்த துக்க நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் கணக்கில் எடுக்கிறது. அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும்போல் இருந்தால் ஆறு மாதமெல்லாம் கணக்கில்லை, அன்றைக்கே பேச வேண்டும். 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

தம்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "சனிக்கிழமையும் போகவாக்கா?" என்றார். நானும் வருகிறேன் என்றேன். அஞ்சு மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும், சுண்டல் என் செலவு, பஸ்ஸில் டிக்கெட் உங்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.