மருந்தும் கீரைப்பாத்தியும்: ஹவானா நகரம் கற்ற பாடம்



நோயாளிகளின் படுக்கையருகே நிற்கும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, வீட்டுக்குப் போனபின் என்ன சாப்பிடலாம்?" மருந்துச் சீட்டை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நல்ல ஆகாரம் கிடைக்க வழியிருக்கிறதா என்பதுதான் பல குடும்பங்களின் கவலை. ஒரு முழு நாட்டுக்கே இந்தக் கவலை வந்த ஒரு காலத்தைக் குறித்து இம்முறை எழுதுகிறோம். அது கரிபியன் கடலிலுள்ள கியூபா தீவில் நடந்தது.

கண்ணில் தெரிந்த குறைவு

1991ஆம் ஆண்டின் இறுதியில், புகையிலைக்குப் பேர்போன பினார் டெல் ரியோ மாகாணத்தில், பார்வை மங்கியவர்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். எதை நேராகப் பார்த்தாலும் நடுப்பகுதி மறைந்தது. நிறங்களைப் பிரித்தறிய முடியவில்லை. வேறு சிலருக்குப் பாதங்கள் எரிந்தன, கைகால்கள் மரத்துப்போயின. நோய் தீவு முழுவதும் பரவியது. 1993க்குள் 50,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்.

தொற்றுக் கிருமியாக இருக்குமோ என்றும் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஆனால் ஒரு விஷயம் அவர்கள் கவனத்தை ஈர்த்தது. குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், முதியோரையும் இந்நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அவர்களுக்கு ரேஷனில் கூடுதல் உணவு கிடைத்துவந்தது. உழைக்கும் வயதினரே அதிகம் விழுந்தார்கள்; அவர்களிலும் புகைபிடிப்போருக்கு ஆபத்து அதிகம். பி வகை வைட்டமின்கள் குறைந்து நரம்புகள் நலிந்ததே முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1993இல் நாட்டு மக்கள் எல்லாருக்கும் வைட்டமின் மாத்திரைகள் வழங்கப்பட்டன. நோய் வேகமாகத் தணிந்தது. பெரும்பாலோர் குணமடைந்தார்கள்.

மாத்திரை நோயைத் தணித்தது. ஆனால் தட்டு ஏன் காலியானது?

லாரி வராத நகரம்

கியூபா பல ஆண்டுகள் கரும்பையே பெரிதாக நம்பியிருந்தது. சர்க்கரையைச் சோவியத் யூனியனுக்கு நல்ல விலைக்கு விற்று, எண்ணெய், ரசாயன உரம், பூச்சிமருந்து, தானியம் ஆகியவற்றைப் பெற்றது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது அந்த வழி அடைபட்டது. 1962 முதல் நீடித்த அமெரிக்க வணிகத் தடை 1992இல் மேலும் இறுக்கப்பட்டது. வயலில் டிராக்டர் ஓட டீசல் இல்லை. விளைந்த கொஞ்சத்தையும் நகரத்துக்குக் கொண்டுவர லாரி இல்லை. அரைவயிற்று ஆகாரத்தோடு ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் வேலைக்குப் போனார்கள்.

உணவு நகரத்துக்கு வர முடியாவிட்டால், நகரத்திலேயே விளைவிக்க வேண்டியதுதான். ஹவானா மக்கள் காலி மனைகளிலும், குப்பை கொட்டிய இடங்களிலும், வீட்டுக் கொல்லைகளிலும் விதைத்தார்கள். பயிரிட முன்வந்தவர்களுக்கு அரசு காலி நிலங்களைக் குத்தகையில்லாமல் கொடுத்தது.

பாத்தி எப்படி அமைந்தது?

நகரத்து மண்ணில் கல்லும் காரையும்தான் அதிகம். ஆகையால் தரைமேல் கல், ஓடு, சிமென்ட் துண்டு என்று கிடைத்ததை வைத்துத் தாழ்வான சுவர் கட்டி, அதற்குள் நல்ல மண்ணையும் மட்கிய உரத்தையும் கலந்து நிரப்பினார்கள். இதற்கு 'ஆர்கனோபோனிக்கோ' என்று பெயர். பாத்தியின் அகலம் ஏறத்தாழ நாலடி. இரு பக்கமிருந்தும் கை எட்டும் என்பதால் யாரும் மண்ணை மிதித்து இறுக்க வேண்டியதில்லை. ஒரு பயிர் எடுத்தவுடன் மட்கிய உரமோ மண்புழு உரமோ சேர்த்து அடுத்ததை நட்டார்கள். லெட்டூஸ், முள்ளங்கி, பீட்ரூட், வெள்ளரி, பீன்ஸ் ஆகியவை இப்படி விளைந்தன.

நகர எல்லைக்குள் ரசாயனப் பூச்சிமருந்து தடை செய்யப்பட்டது. பாத்தி ஓரங்களில் செண்டுமல்லியும் மக்காச்சோளமும் நட்டார்கள். அவை தீய பூச்சிகளைத் தடுத்து, அவற்றைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்கு இடம் கொடுத்தன. பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சணத்தையும் பாக்டீரியாவையும் வளர்த்துக் கொடுக்கச் சிறு நிலையங்கள் நாடெங்கும் இயங்கின. நம் ஊர் வேம்பும் கடல் கடந்து அங்கே போய், அதன் கொட்டை பூச்சிவிரட்டியாகப் பயன்பட்டது.

இவற்றில் பேர்பெற்ற தோட்டம் ஒன்று ஹவானாவின் கிழக்கே, அலமார் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுவே, 1997இல் தொடங்கியது. மிகேல் சால்சினெஸ் என்ற வேளாண் அறிஞர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். சில பேரோடு ஆரம்பித்த அந்தக் கூட்டுறவுத் தோட்டம், ஏறத்தாழ 11 ஹெக்டேராக விரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. காலையில் பறித்த கீரையை வாசலிலுள்ள கடையில் அக்கம்பக்கத்தார் வாங்கிப்போனார்கள். நடுவில் லாரியும் இல்லை, குளிர்பதன அறையும் இல்லை.

தோட்டத்தால் ஆனதும் ஆகாததும்

இங்கே நாங்கள் உண்மையை மறைக்கக் கூடாது. பார்வை மங்கியவர்களைக் குணமாக்கியது தோட்டமல்ல. மாத்திரையும், படிப்படியாகத் திரும்பிவந்த ஆகாரமும்தான். கீரையில் ஃபோலிக் அமிலம் உண்டு. ஆனால் பி12 இல்லை. அதற்குப் பாலோ, முட்டையோ, மீனோ வேண்டும்.

நகரத் தோட்டத்தால் ஒரு தேசத்தின் பசியையும் தீர்க்க முடியவில்லை. அரிசியும் கோதுமையும் பாத்தியில் விளைவதில்லை. கியூபா இன்றும் தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. 2024 தொடக்கத்தில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பால்பவுடர் கேட்டு அந்நாட்டு அரசு உலக உணவுத் திட்டத்தின் உதவியை நாடியது.

அப்படியானால் அந்த உழைப்பு வீணா? இல்லை. தானியம் வயிற்றை நிரப்பும். காய்கறியும் கீரையும் சரீரத்தைக் காக்கும். தானியத்தை மூட்டையில் சேமிக்கலாம், தூரத்திலிருந்தும் கொண்டுவரலாம். கீரையோ இரண்டு நாளில் வாடிவிடும். எனவே ஏழைக்குக் கீரை கிடைக்க வேண்டுமானால், அது அவர் நடந்துபோகும் தூரத்தில் விளைய வேண்டும். சோறும் அவரையும் இறைச்சியுமே பெரிதென்றிருந்த ஹவானா மக்கள், பச்சைக் காய்கறி உண்ணப் பழகியது இந்தத் தோட்டங்களால்தான்.

மாத்திரை ஒரு நெருக்கடியைக் கடக்க உதவுகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு நாளையும் நடத்துவது அடுப்பங்கரை. உங்கள் வீட்டு மாடியிலோ ஆலய வளாகத்திலோ நாலடி இடம் சும்மா கிடக்கிறதா? கொஞ்சம் மண், மட்கிய உரம், ஒரு பிடி சிறுகீரை விதை போதும். மூன்று நான்கு வாரங்களில் கீரை பறிக்கலாம். உங்கள் தேவைக்குப் போக மிஞ்சுவதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். "என்ன சாப்பிடலாம்?" என்று எங்களிடம் கேட்கிறவர்களில் ஒருவர் அந்த வீட்டிலும் இருக்கக்கூடும்.