வேர் விடுக்கும் அழைப்பு

நம் சோளக்காடுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் சுடுமல்லி என்றொரு களை முளைக்கும். பயிரின் வேரைப் பற்றிக்கொண்டு, அதன் சாற்றைக் குடித்தே வளரும் பூண்டு அது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு பூண்டு, சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் தட்டைப்பயற்றைப் பிடித்திருக்கிறது. மாலி, புர்கினா பாசோ, நைஜர், நைஜீரியாவின் வடபகுதி எங்கும் தட்டைப்பயறுதான் ஏழை வீட்டின் புரதம். காய்ந்த கொடி ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். ஸ்ட்ரைகா என்ற அந்தப் பூண்டு பற்றினால் இரண்டும் போய்விடும். இளஊதாப் பூக்களோடு அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும்போது, கீழே சேதம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அந்தப் பூண்டின் விதையை உள்ளங்கையில் வைத்தால் தூசு என்றுதான் நினைப்போம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே கட்டுச்சோறு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. முளைத்த சில நாட்களுக்குள் ஒரு வேரைத் தொடாவிட்டால் சாவுதான். அதனால் மழை பெய்தாலும் அது அவசரப்படுவதில்லை. ஈரத்தில் ஊறி, தயாராகி, மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். இந்த ஆண்டு வாய்க்கவில்லையா, அடுத்த ஆண்டு. அதுவும் இல்லையா, அதற்கும் அடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளுக்கு இத்தனை பொறுமையை யார் கொடுத்தது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அது காத்திருப்பது ஓர் அழைப்புக்காக. வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் அந்த விதையை எழுப்புகிறது. 1966-இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து அப்படியொரு பொருளைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரைகால் என்று பெயரிட்டார்கள். கூடவே ஒரு புதிரும் பிறந்தது. ஸ்ட்ரைகா பருத்தியில் வளர்வதே இல்லை. தனக்கு எந்தப் பயனும் இல்லாமல் ஒரு செடி எதற்காகக் களையின் விதையை எழுப்ப வேண்டும்? தட்டைப்பயறு ஏன் தன் பகைவனைத் தானே கூவி அழைக்க வேண்டும்?

விடை வர 39 ஆண்டுகள் ஆயின. 2005-இல் ஜப்பானைச் சேர்ந்த கோக்கி அகியாமாவின் குழு, அந்த அழைப்பு பகைவனுக்கானதே அல்ல என்று காட்டியது. அது வேர் உட்பூசணத்துக்கான அழைப்பு. வேருக்குள் குடியேறி, மெல்லிய இழைகளைத் தொலைவுவரை நீட்டி, செடியால் எட்டிப் பிடிக்க முடியாத மணிச்சத்தைக் கொண்டுவந்து ஊட்டும் நண்பன் அது. மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய, பல செடிகள் அந்தப் பொருளை அதிகமாகக் கசியவிடுகின்றன. பசித்த செடி நண்பனைக் கூப்பிடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் தூசு அதை ஒட்டுக்கேட்டு விழித்துக்கொள்கிறது. வளமற்ற மண்ணில் இந்தக் களை கொடுமை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றே ஆண்டுகளில் அடுத்த வியப்பு: கிளை எத்தனை விட வேண்டும் என்று செடிக்குள் கட்டளையிடும் ஹார்மோனும் இதே வகைப் பொருள்தான். அப்படியிருக்க, பயிர் இதை அறவே நிறுத்திவிட முடியுமா?

அழைப்பை நிறுத்த முடியாது என்றால் வாசலில் காவல் வேண்டும். அந்தக் காவலை எந்த மனிதரும் வடிவமைக்கவில்லை. ஏற்கெனவே அது ஒரு விதைக்குள் இருந்தது.

தெற்கே வெகுதொலைவில் உள்ள போட்ஸ்வானாவின் நாட்டு ரகம் ஒன்று. ஆய்வாளர்கள் அதற்கு இட்ட பெயர் பி 301. பார்த்தால் ஆசைப்படத் தோன்றாது, சிறுத்த மணி. அந்தப் பக்கத்துப் பயறுகளை அலெக்ட்ரா என்ற வேறொரு வேர் ஒட்டுண்ணி வாட்டும். பி 301 அதைத் தாங்கி நின்றது. பிறகு மேற்கு ஆப்பிரிக்க மண்ணில் விதைத்தபோது, அங்கே பல இடங்களில் ஸ்ட்ரைகாவையும் தாங்கியது. இரண்டு காவலும் வெவ்வேறு மரபணுக்களில். பெயர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடி விதை எடுத்து வைத்திருக்காவிட்டால் நமக்கு இது கிடைத்திருக்குமா?

நைஜீரியாவின் இபதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில், இந்தியரான பி. பி. சிங்கும் உடன் உழைத்தவர்களும் பி 301-ஐப் பூச்சியையும் நோயையும் தாங்கக்கூடிய நல்ல ரகத்தோடு இனக்கலப்பு செய்தார்கள். தட்டைப்பயறு தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர். மொட்டு விரியுமுன் மகரந்தப்பைகளைக் கிள்ளியெடுத்து, அயல் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். பிறகு அந்தப் பிள்ளைகளைக் களை நிறைந்த மண்ணில் நட்டு, தாங்கியதை எடுத்து, மணி பெருத்ததை எடுத்து, மறுபடி நட வேண்டும். ஆண்டுகள் ஓடும். அப்படி வந்த ஐ.டி. 97கே-499-35 என்ற ரகம் 2008-இல் நைஜீரியாவில் வெளியானது. மாலியில் அதற்கு ஜிகியா என்று பெயர் வைத்தார்கள். பம்பாரா மொழியில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள்.

களையும் சும்மா இருப்பதில்லை. ஓர் ஊர் ஸ்ட்ரைகா போல இன்னோர் ஊர் ஸ்ட்ரைகா இல்லை. புர்கினா பாசோவில் அதைத் தாங்கிய ரகம் நைஜீரியாவில் விழுந்தது. பெனின் நாட்டின் சக்பொட்டா பகுதியில் உள்ள இனம் பி 301-ஐயே வீழ்த்துகிறது. வேரைத் துளைக்கும்போது அது ஒரு புரதத்தை உள்ளே அனுப்பி, காவலையே உறங்கவைத்துவிடுகிறது. எதிரி என்றாலும் இந்த நுட்பத்தை வியக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இபதானின் குளிர் அறைகளில் 15,000-க்கும் மேற்பட்ட தட்டைப்பயறு விதை மாதிரிகள் இருக்கின்றன. சக்பொட்டாவுக்கான காவலையும் அவற்றில்தான் தேட வேண்டும்.

மற்ற இடங்களில் பி 301-இன் காவல் எப்படி நடக்கிறது? விழித்த விதை தன் உறிஞ்சு முனையால் வேரைத் துளைக்கிறது. 2009-இல் மைக்கேல் டிம்கோவின் குழு கண்டெடுத்த மரபணு, வந்திருப்பது யார் என்று அறிந்துகொள்ளும் ஒரு புரதத்தை அந்த வேருக்குத் தருகிறது. துளைபட்ட இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் உடனே தாங்களாகவே மடிகின்றன. சாறு வரும் வழி அடைபட, மூன்று நான்கு நாட்களில் ஒட்டுண்ணியும் வாடுகிறது. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், வெள்ளை வேரில் ஊசிமுனை குத்தியதுபோல் ஒரு பழுப்புப் புள்ளி. அவ்வளவுதான். மேலே கொடி பூத்துக்கொண்டிருக்கிறது.