‘ஐ அக்ரி’ பட்டனுக்குப் பின்னால் ஒரு படிப்பு... டேட்டா சட்டம் படிக்கலாமா?

பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறைய இருக்கும் ஊர். துபாயில் இருக்கும் அத்தாவுக்கும் ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் நடுவில் பாலமே செல்போன்தான். வீடியோ கால், பணம் அனுப்பும் ஆப், பாஸ்போர்ட் காப்பி என எல்லாமே ஒரு ‘ஐ அக்ரி’யில் முடிஞ்சிடுது. சரி, நாம எதுக்கு ‘அக்ரி’ பண்ணினோம்?

இந்தக் கேள்வியைப் பாடமாகவே படிக்கலாம். சட்டம், டேட்டா, புதிய தொழில்நுட்பம் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் எல்.எல்.எம் அது.

என்ன படிப்பாங்க?

2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், ‘தனியுரிமை அடிப்படை உரிமை’ என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

இந்தச் சட்டப்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதியை நிறுவனங்கள் தரணும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு ஈஸியோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு ஈஸியா இருக்கணும். டேட்டா பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்!

ஏ.ஐ எடுத்த தப்பான முடிவுக்கு யார் பொறுப்பு, வாட்ஸ்அப் சாட் கோர்ட்டில் எப்போது சாட்சியாகும், இந்தியரின் டேட்டா வெளிநாட்டு சர்வருக்குப் போனால் எந்தச் சட்டம் பேசும்... இதெல்லாமும் சிலபஸில் வரும்.

எப்படிச் சேர்வது?

முதலில் எல்.எல்.பி வேண்டும். ப்ளஸ் டூ-வுக்குப் பிறகு 5 வருடப் படிப்பு அல்லது ஏதாவது டிகிரி முடித்து 3 வருடப் படிப்பு. அதனால் இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

பெரம்பலூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சியின் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இதுபோன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம் சேர ‘கிளாட் பி.ஜி’ தேர்வு எழுதணும். 2 மணி நேரம், 120 கேள்விகள். தப்பான பதிலுக்கு 0.25 மார்க் கட். சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் எல்.எல்.எம் நடத்துகிறது. கோர்ஸ் பெயரை மட்டும் பார்க்காமல், டேட்டா, சைபர், ஏ.ஐ பாடங்கள் எத்தனை இருக்கின்றன என்று சிலபஸைப் பாருங்கள்.

கடன் வாங்கும் முன்...

வக்கீலாக எல்.எல்.எம் கட்டாயமில்லை. எல்.எல்.பி, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு போதும். பேராசிரியர் ஆகணும்னா எல்.எல்.எம்-மோடு நெட் தேர்வும் தேவைப்படும். வெளிநாட்டில் படித்தால் பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் படிப்பீர்கள். எங்கே வேலை செய்யப் போகிறோம் என்று முடிவு பண்ணிட்டு, அத்தாவின் சேமிப்பில் கை வைக்கலாம்.

ஆசை இருக்கா என்று சோதிக்க ஒரு டெஸ்ட்: உங்கள் போனில் உள்ள ஏதாவது ஓர் ஆப்பின் ‘பிரைவசி பாலிசி’யை இன்று முழுசா படிங்க. தூக்கம் வராமல் கேள்வி வந்தால், இந்தப் படிப்பு உங்களுக்குத்தான்!